மலிவாகக் கிடைத்த குட்டியானை

அவன் மட்கார்டைத் தட்டிப் பார்த்தான். துரு உதிரவில்லை.

குனிந்து அடியில் பார்த்தான். ஆயில் ஒழுகிய தடம் இல்லை.

சாவியைத் திருப்பியதும் முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவனுக்குப் பயமாகிவிட்டது. கையிலிருக்கும் காசுக்கு இப்படியொரு குட்டியானை லோடு வண்டி கிடைக்க நியாயமே இல்லை. காலையிலிருந்து பார்த்த மற்றவையெல்லாம் அந்தக் காசுக்கு ஏற்ற வண்டிகள். ஒன்றின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். இன்னொன்றை வாங்கினால், தள்ளிவிட நாலு பேரையும் சேர்த்து வாங்க வேண்டும்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்த சீட்டுக் காசு. பார்க்கலாம்.

அவன் மனைவி வேப்பமர நிழலில் நின்றாள். வண்டியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றாம் தேதிக்குள் சொந்த வண்டி இருந்தால் தண்ணீர் கேன் லைன் அவனுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு. கம்பெனிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். இத்தனை வருடம் மிதிவண்டியில் கேன் சுமந்து அவன் முதுகு போய்விட்டது. திரும்பிப் படுக்கும்போது அவன் முனகுவது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பின்தொட்டியில் ஏறினான்.

தகட்டு இடுக்கில் கொஞ்சம் பொரி கிடந்தது. வாடிய செவ்வந்தி இதழ்களும்.

மனம் குளிர்ந்தது. ஆயுத பூஜைக்குப் பொரி படைக்கிற ஆள் வண்டியைப் பிள்ளை மாதிரிதான் வைத்திருப்பார்.

"பூஜையெல்லாம் பெருசா செய்வீங்க போல, அண்ணாச்சி."

வண்டிக்காரர் லிங்கதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இது வைகாசி மாதம். ஆயுத பூஜை எப்போதோ முடிந்துவிட்டது. பொரியோ நேற்று இறைத்தது போல வெள்ளையாக இருந்தது.

மெல்ல இறங்கினான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். துடைத்ததற்காக வெட்கப்பட்டான்.

"விலை பேசுறதுக்கு முன்னாடி சொல்லணும்னுதான் இருந்தேன், தம்பி," என்றார் லிங்கதுரை. "சுடுகாட்டுக்குப் போற வண்டி இது. அதான் ஒருத்தரும் கேக்கல. எனக்கும் கண்ணு மங்கிட்டு. இனி ஓட்ட முடியாது."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பிணம் ஏற்றிய வண்டியில் வந்த தண்ணீரை எவன் வாங்கிக் குடிப்பான்?

அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. அவர்கள் ஊர் இங்கிருந்து நல்ல தூரம். பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இல்லாதவன் புத்தி இப்படிக் குறுக்கே ஓடத்தான் செய்யும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அவள் நிழலை விட்டு வந்தாள். தொட்டியின் விளிம்பில் கை வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"யாரு கூப்பிட்டாலும் போவீங்களா, அண்ணாச்சி?"

"கூப்பிட்ட அத்தன பேருக்கும் போயிருக்கேன், தாயி. எந்தத் தெருன்னு பாத்ததில்ல."

அவள் தலையசைத்தாள். பிறகு அவனிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "வாங்கிருவோம். ஊர்ல மூச்சு விடாதீங்க."

பணம் கை மாறியது. லிங்கதுரை வெற்றிலையின் மேல் சாவியை வைத்து நீட்டினார்.

நாற்பது வயதில் முதல் வண்டி. அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சந்தோஷத்தில் கண்ணாடியையெல்லாம் ஒரு சுற்றுத் துடைத்தான். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

லிங்கதுரையின் போன் அடித்தது.

கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வண்டியக் குடுத்துட்டேன்யா. இப்பத்தான்."

எதிர்முனையில் இருந்தவன் சண்டை போடவில்லை. கெஞ்சவும் இல்லை. 'சரிங்க' என்றது மட்டும் வெளியே கேட்டது. மறுப்புக்குப் பழகிப்போன குரல்.

லிங்கதுரை போனை மடியில் செருகினார்.

"உங்க ஊருக்கு முந்துன ஊருதான். கடைசித் தெரு," என்றார் தரையைப் பார்த்து. "அங்க வேற எவனும் வண்டி கொண்டு வர மாட்டான்."



"எங்கப்பாவக் குப்ப வண்டியிலதான் கொண்டுபோனாங்க," என்றாள் அவள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். மாமனார் காய்ச்சலில் இறந்தார் என்பதுதான் அவனுக்குத் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதை அவள் சொன்னதில்லை.

முந்தின ஊரில் பார்த்தது பொழுது சாய்வதற்குள் அவர்கள் தெருவுக்கு வந்துவிடும். அப்புறம் எந்தப் பெயிண்ட்டுக்கும் அது மறையாது. கேன் லைன் போனாலும் போய்விடும். அது அவளுக்கும் தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பிறகு கதவைத் திறந்து ஏறினான். மறுபக்கம் அவள் ஏறினாள். லிங்கதுரை மடியிலிருந்து போனை எடுத்து அந்த எண்ணையே திரும்பக் கூப்பிட்டார்.

எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

அவன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"எவ்வளவு மெதுவா ஓட்டணும், அண்ணாச்சி?"