நாலாவது ஆள்

“வெயில் எனக்குப் பின்னால இருக்க வேணுமாம், பஸ்ரியன் சொன்னவன்” என்றபடி எங்கள் மூவரையும் பெருக்க மரத்தடியில் நிறுத்தினார் என் கணவர் நடராசா.

பஸ்ரியன் பள்ளிமுனைக்காரன். எங்கள் கட்டுக்கரைக் குளத்து வயல் பக்கம் கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிப் போகிறவன். அந்தப் பெட்டிக் கமரா அவனுடையது. பிலிமில் ஒரு படம்தான் மிச்சம். அதைத் தானே எடுப்பேன் என்று இவர் நின்றார்.

மறுநாள் அவர் தலைமன்னாரில் கப்பல் ஏற இருந்தார். வயிற்றுவலி தீர்ந்ததற்கு இராமேஸ்வரத்துக்கு நேர்த்தி. வழியனுப்ப வந்த நான் அன்றுதான் மன்னார்ப் பட்டினத்தை முதன்முதலாகப் பார்த்தேன். கோட்டை, தெருவெல்லாம் தம் பாட்டில் திரியும் கழுதைகள், கடைசியாக இந்த மரம். இவ்வளவு கொழுத்த மரத்தை நாங்கள் கண்டதில்லை. இவர் அதைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

“உள்ளுக்கு ஆரோ குடியிருக்கினம்.”

பிறகு கமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அதன் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார்.

“டேய் பஸ்ரியன், நீ அங்கால போக இதுக்குள்ள இங்கால வாறாய்!”

அப்போதுதான் நான் ஆட்களை எண்ணினேன். பஸ்ரியன், நடுவில் அவன் மனைவி அன்ரோனெற், நான்.

மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருவர் போய்விடுவார் என்பார்கள் எங்கள் பக்கத்தில். நாளைக்குக் கடல் கடக்கிறவருக்கு முன்னால் அப்படி நிற்க எனக்குக் கால் கூசியது. வேண்டாம் என்றேன்.

அன்ரோனெற் சிரித்தாள். “பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மூண்டு இல்லாமல் எங்களுக்குச் சிலுவையே போடேலாது, அக்கா.”

“அவை படத்துக்கு வரேக்க பாப்பம். இப்ப நாலாவதா ஓர் ஆளைப் பிடியுங்கோ” என்றார் இவர்.

தெருவில் ஆளில்லை. ஒரு கழுதை நின்றது. பஸ்ரியன் காகித மட்டைத் துண்டொன்றைக் காட்டிக் காட்டி அதைக் கூட்டிவந்தான். அது வந்து என் முந்தானையைச் சப்பத் தொடங்கியது.

டக்.

எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் போய்ச் சேர்ந்தார். சேதுவில் நீராடிவிட்டு இராமேஸ்வரம் போகலாம் என்று தனுஷ்கோடியில் தங்கினாராம். அறுபத்து நாலாம் ஆண்டு, அந்த மார்கழி இரவில், தனுஷ்கோடியைக் கடல் எடுத்தது.

தை மாதம் பஸ்ரியன் கருவாட்டுக் கூடை இல்லாமல் வந்தான். கழுவின படத்தை என் கையில் தந்துவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவருடைய முகம் இருந்த ஒரே படம் பாஸ்போட்டில் ஒட்டியது. அது அவரோடு போய்விட்டது.

இதில் மரம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. நாங்கள் சரிந்து நிற்கிறோம். கழுதைதான் தெளிவாக விழுந்திருக்கிறது. படத்தில் நின்ற எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மணலில் ஒரு நீண்ட நிழல் கிடக்கிறது. இரண்டு முழங்கைகளும் வெளியே தள்ளி, தலை குனிந்தபடி. அது என் பாதம் வரை வந்திருக்கிறது.

கழுதை தேவைப்பட்டிருக்கவில்லை. நாங்கள் முதலே நாலு பேர்.