தோற்கும் முகம்

"பல்லு தெரியுது. சிரிப்புதான் தெரியல. இன்னொரு தடவை செய்யுங்க" என்றாள் மனைவி.

கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நடிகர் இன்னொரு தடவை சிரித்தார். கூடவே கையையும் தட்டினார். இது எந்தப் படத்துக்கான காட்சியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விருது விழா. சிறந்த குணச்சித்திர நடிகருக்கான போட்டியில் அவரும் இருந்தார். விருது வேறொருவருக்கு என்று அறிவித்ததும் தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்குத்தான் இந்த ஒத்திகை.

காரணம் இல்லாமல் இல்லை. இதற்கு முன்பும் அவர் போட்டியில் இருந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பரிசு பக்கத்து நாற்காலிக்குப் போய்விடும். போன தடவை சரியாக அந்த நொடியில் கேமரா அவர் பக்கம் திரும்பித் தொலைத்தது. கஷாயம் குடித்த மாதிரி இருந்த அந்த முகத்தை ஊரே போனுக்குப் போன் அனுப்பிச் சிரித்தது. முடிவெட்டப் போன இடத்தில்கூட, "என்ன சார், அன்னைக்கு அப்படி முறைச்சுட்டீங்க" என்று கேட்டார்கள். அன்றோடு விழாக்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார். இந்த முறையும் வர முடியாது என்று விழாக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டது.

மனைவிதான் விடவில்லை.

"போகலைன்னா பொறாமைன்னு சொல்லுவாங்க. போய் உட்கார்ந்து அந்தப் பையனுக்கு மனசாரக் கைதட்டிட்டு வாங்க. பழைய முகத்தை எல்லாரும் மறந்துடுவாங்க."

பையன் என்று அவள் சொன்னது போட்டியில் இருந்த இளம் நடிகனை. விருது அவனுக்குத்தான் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதி முடித்துவிட்டன.

இந்த விஷயங்களில் அவர் மனைவியின் பேச்சைத் தட்டுவதில்லை. நாடகக் குழுவில் அவர் ராஜா வேஷம் கட்டிய காலத்தில், திரைக்குப் பின்னால் மறைந்து நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவள் அவள். அவருக்கு வசனம் மறந்தால் தோள் லேசாக இறுகும். அதைப் பார்த்த பிறகுதான் அவள் வாயைத் திறப்பாள். முந்திச் சொன்னால் நடிப்பு கெட்டுவிடும் என்பாள்.

சினிமாவுக்கு வந்தபின் அப்பா, நீதிபதி, வில்லனுக்கு அண்ணன் என்று அவர் போடாத வேஷம் இல்லை. அழுவார், அழவும் வைப்பார். வராதது ஒன்றே ஒன்று, ஆச்சரியம். அந்த மாதிரி காட்சி வந்தால் வாயைப் பிளந்து கண்ணை உருட்டிவிடுவார். கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும் என்று மேடையில் செய்த பழக்கம், விடமாட்டேன் என்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். "சார், பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி இருக்கு சார்" என்று ஒரு டைரக்டர் கெஞ்சிப் பார்த்தார். காணாமல் போன மகன் திரும்பி வந்து நிற்கும் காட்சியில், கடைசியில் அவர் முதுகைத்தான் படம் பிடித்தார்கள்.

"நல்லவேளை, தோக்கறதுக்கு ஆச்சரியம் வேண்டியதில்ல" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

மனைவி சிரித்தபடி புது ஷூவைக் கொண்டுவந்து வைத்தாள். மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னாள்.

"உட்கார்ந்து கைதட்டறவனுக்குப் படி எதுக்கு?"

"கடிக்குதான்னு பார்க்க வேண்டாமா? ஏறுங்க."

ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் இளம் நடிகனுக்குப் பக்கத்து இருக்கை அவருக்கு. இந்தப் பக்கம் மனைவி. பையன் பதற்றத்தில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தப்பான பக்கம் திருகிக்கொண்டிருந்தான். அவர் வாங்கித் திறந்து கொடுத்தார்.

"பயப்படாத தம்பி. உனக்குத்தான்."

"நீங்க இருக்கும்போது எனக்கா சார்?"

"நான் எப்பவும்தான் இருக்கேன்."

மேடையில் உறையைப் பிரித்தார்கள். பெயரைப் படித்தார்கள். அது அவர் காதில் ஏறவே இல்லை. ஒத்திகை பார்த்த நொடி வந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. துள்ளி எழுந்தார். பல்லும் தெரிய, சிரிப்பும் தெரிய, உள்ளங்கை சிவக்கத் தட்டினார். பையனை இழுத்துக் கட்டிக்கொண்டு, "போப்பா, போய் வாங்கிக்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார். அவன் நகரவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு நின்றான். அரங்கம் மொத்தமும் எழுந்து இவரைப் பார்த்துக் கைதட்டியது.

"சார், படிச்சது உங்க பேரு" என்றான் அவர் காதோரம்.

அதற்குப் பிறகும் அவர் கை கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டுதான் இருந்தது. பையனே அவரை மேடைப்படி வரைக்கும் கொண்டுபோய் விட்டான். தனக்குக் கிடைத்த பரிசுக்கு வேறொருவனை வாழ்த்திய மனுஷனை யாரும் பார்த்ததில்லையாம். விழாவில் பேச வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஷூவும் கடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விருதை எங்கே வைப்பது என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியின் மேல்தட்டு துடைத்துப் பளபளவென்று காலியாக இருந்தது.

"இங்க இருந்த பூச்சாடி எங்க?"

"அதைப் போன வாரமே உள்ள எடுத்து வச்சுட்டேன்" என்றாள் மனைவி, கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவியபடி. "நீங்க வரமாட்டேன்னு சொன்னதும் விழாக்காரங்க பதறிப்போய் எனக்குப் போன் போட்டாங்க. விருது அவருக்குத்தாம்மா, எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்கன்னாங்க. உங்ககிட்ட சொல்லியிருந்தா அத்தனை கேமரா முன்னாலயும் ஆச்சரியப்படற மாதிரி நடிச்சிருப்பீங்களே."

அவர் வாய் பிளந்தது, கண் உருண்டது. பல் டாக்டரிடம் காட்டுகிற அதே முகம். இத்தனை வருஷமும் அந்த ஒன்றை மட்டும் அவர் நடிக்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.