சத்தம் போடாத கத்திகள்

நெரெய்தா மேடை ஏறி வணக்கம் சொன்னாள். கூடத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து இப்படித்தான்.

பினார் தெல் ரியோ என்ற ஊரின் அந்தச் சுருட்டு ஆலையில் அமைதி என்ற பேச்சே கிடையாது. சுருட்டு உருட்டுகிறவர்களுக்குக் கை ஓட ஓட வாயும் ஓடும். இலை நறுக்கும் கத்திகள் பலகையில் டக் டக்கென்று விழும். அந்த இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி, காலையில் பேப்பரும் மத்தியானம் கதையும் படித்துக் காட்டுவதுதான் நெரெய்தாவின் வேலை. பிடித்திருந்தால் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள்.

இப்போது தட்டவும் இல்லை, போடவும் இல்லை. அத்தனை கைகளும் இலை நறுக்குகின்றன, சத்தமே வரவில்லை. செத்தவர்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பது மாதிரி இருந்தது. அவள் தலை நிமிர்ந்தால், எல்லோரும் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேசையில் இன்றைக்கும் அந்தக் கண்ணாடித் தம்ளர் இருந்தது. ஆவி பறக்கும் தண்ணீர், அடியில் தேன். யார் வைத்தது என்று கேட்டால் பதில் வராது. செய்வினையாக இருக்குமோ என்று பயந்து, வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே ஊற்றினாள்.

பயப்படக் காரணம் இருந்தது. கூடத்து மைக் பழுதாகி மாசக்கணக்காகிறது. கத்திக் கத்திப் படித்ததில் அவள் தொண்டைக்குள் புடைப்பு வந்துவிட்டது.

"கத்தக் கூடாது, கனைக்கக் கூடாது, கிசுகிசுன்னு பேசறதும் கூடாது. காபியையும் ரம்மையும் மறந்துடு. இல்லேன்னா குரலையே மறந்துட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. படிப்பவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது தொழிலாளர்கள். குரல் கெட்டது தெரிந்தால் வேலை போய்விடும். அதற்காகவே முன்வரிசையில் ஒருத்தன் காத்திருக்கிறான். போன ஓட்டெடுப்பில் அவளிடம் தோற்ற ஓஸ்னியேல்.

சனிக்கிழமை அவன் மேசை மேசையாகக் குனிந்து ஏதோ ஓதிக்கொண்டு போனதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். திங்கள் முதல் இந்த மயான அமைதி. இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

"பேப்பர்ல முதல் செய்தி..." என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே குரல் கரகரத்து, வெறும் காற்றுதான் வந்தது.

கூடம் மொத்தமும் ஒரே சமயத்தில் கையை நிறுத்தியது. மேலே மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

"எதுக்கு இப்படிச் சித்திரவதை பண்றீங்க?" என்றாள் நெரெய்தா, கிடைத்த குரலில். "பிடிக்கலேன்னா கத்தியைக் கீழே போடுங்க, நான் போயிடறேன். உயிரோட இருக்கிறவளுக்குச் சாவு வீட்டு மரியாதை பண்ணாதீங்க."

ஓஸ்னியேல் மட்டும் எழுந்தான். ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் அவனுடைய பலகை. அவளையே பார்த்தபடி மேடை ஏறி வந்தான்.

"வா தம்பி, உட்காரு. இந்த நாற்காலிக்குத்தானே மேசை மேசையா ஓதினே?"

"ஓதினேன்தான்க்கா."

பலகையை அவள் மேசைமேல் வைத்து, கத்தியால் ஓங்கித் தட்டினான். சத்தமே எழவில்லை. பலகையைத் திருப்பிக் காட்டினான். அடிப்பக்கம் முழுக்கப் பழைய சாக்கு, மடித்து மடித்துத் தைத்திருந்தது.

"எல்லார் பலகையிலயும் இருக்கு. மிக்தாலியாக்கா வீட்டுப் போர்வையையே கிழிச்சுட்டாங்க."

"வணக்கம் சொன்னாக்கூட ஏன் பேசலை?"

முன்வரிசையிலிருந்து மிக்தாலியா பதில் சொன்னாள். "நாங்க ஒண்ணு சொன்னா நீ ஒம்பது சொல்லுவியேடி. தட்டினா, குஷியில இன்னும் ரெண்டு பக்கம் கத்துவே. தேன் தண்ணியைக் குடிச்சுத் தொலை, ஜன்னலுக்குக் கீழே எறும்பு குடும்பம் நடத்துது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, எனக்கு ஒண்ணுமில்லேன்னு காட்டறதுக்காகவே இன்னும் சத்தமாப் படிப்பே."

நெரெய்தா ஓஸ்னியேலைப் பார்த்தாள். "என் தொண்டை விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் ரூமுக்கு வெளியே அம்மாவோட நானும்தான் உட்கார்ந்திருந்தேன், நீங்க கவனிக்கலை. இந்த நாற்காலி எனக்கு வேணும்க்கா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதை ஓட்டுல ஜெயிச்சு வாங்கிக்கறேன். உங்க குரல் போய் எனக்குக் கிடைக்க வேண்டாம்."

பலகையை எடுத்துக்கொண்டு இறங்கப் போனவன், திரும்பிச் சொன்னான்.

"மெதுவாவே படிங்க. கடைசி மேசை வரைக்கும் கேக்குது."