அத்தையின் பெருமூச்சு

குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள் அவள். ஒரு சட்டையை மடித்து வைத்ததுமே, ஜன்னலோர நாற்காலியிலிருந்து வந்தது. வீடே கேட்கும்படி நீளமாக ஒரு பெருமூச்சு.

சட்டையை உதறி, வேறு மாதிரி மடித்தாள்.

இன்னொரு பெருமூச்சு.

மாமியார் அவளை ஒரு நாளும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. டீ கொடுத்தால் பெருமூச்சு. பிள்ளையைக் குளிப்பாட்டினால் பெருமூச்சு. அம்மா வீட்டுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தால், அதற்கொரு பெருமூச்சு. முகத்தைப் பார்த்தாவது புரிந்துகொள்ளலாம் என்றால், பார்க்கின்சன் நோய் வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் சிரிப்பும் தெரிவதில்லை, கோபமும் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, இவள் அறைக்குள் நுழைந்தாலே உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார்.

புருஷனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "அம்மா உன்னை ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா பதில் சொல்லலாம். பெருமூச்சுக்கு என்னன்னு பதில் சொல்றது?"

பதில் சொல்லிவிடுவாளாம். பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள்.

ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. தனி வீடு வேண்டும். அத்தைக்கு ஆள் வைத்துவிடலாம், தினமும் வந்து பார்த்துக்கொள்ளலாம். அவனும் முடிந்தவரை சமாளித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு வீட்டைப் பிடித்தான். இன்று சாயங்காலம் போய்ப் பார்ப்பதாகப் பேச்சு. அத்தையிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் மாமியாரை டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. எப்போதும் அவன்தான் கூட்டிப்போவான். இன்று அவனுக்கு வேலை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இவள் போனாள்.

டாக்டரம்மா கையை மடக்கிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், மாத்திரை நேரம் விசாரித்தார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டதற்கு மாமியார் இல்லை என்று தலையாட்டினார். ஆட்டி முடிப்பதற்குள் வந்துவிட்டது, பெருமூச்சு.

இவள் முகம் தொங்கிப்போனது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார். "இது அடிக்கடி வருதா?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் எது செஞ்சாலும் வரும் டாக்டர்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நீங்க எதுவும் செய்யாதப்பவும் வரும்மா. அதைக் கேக்க நீங்க பக்கத்துல இருக்கறதில்ல, அவ்வளவுதான்."

பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார். மூச்சு நாம் நினைத்து விடுவதில்லை. இழு, விடு என்று மூளைதான் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்த நோய் கைகாலை மட்டும் பிடிப்பதில்லை. சிலருக்கு அந்தக் கட்டளையும் சீராக வராது. நெஞ்சுத் தசையும் இறுகிவிடும். மூச்சு மேலோட்டமாகவே போய்க்கொண்டிருக்கும், அப்புறம் பெரிதாக ஒன்று தானாக வரும். மாத்திரை நேரத்தை மாற்றித் தருகிறேன், மூச்சுப் பயிற்சியும் செய்யட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

"ஒண்ணு மட்டும்மா. வந்தா விட்டுடணும், அடக்கக் கூடாது."

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

வீடு வரும்வரை இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் டீயிலும் குற்றமில்லை, துணி மடிப்பிலும் குற்றமில்லை. குழந்தையை வாங்கி வந்து, அத்தையின் கட்டில் ஓரத்திலேயே தூங்கப்போட்டாள்.

"அத்தை, இனிமே தாராளமா விடுங்க. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

மாமியாருக்குக் குரல் எழும்ப நேரமானது. "அடக்கித்தாம்மா பார்த்தேன். நான் மூச்சு விட்டா உன் முகம் வாடிப்போகுது. அதைப் பார்க்க முடியல. அதான் நீ உள்ள வந்தாலே வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். சேர்ந்து சேர்ந்து, இன்னும் பெரிசா வந்துடும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை."

"என்னன்னு சொல்ல? ஏன் வருதுன்னு எனக்கே தெரியாதே. எனக்குத் தெரியாமலே மனசுல ஏதோ குறை இருக்கு போலன்னு நானும் பயந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டார். "சரி, நேரமாச்சு. வீடு பார்க்கக் கிளம்பும்மா. குழந்தைக்குக் காத்து வருதான்னு மட்டும் நல்லாப் பாத்துக்கோ."

யாரும் சொல்லாமலே அத்தைக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கூடத்தில் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். புருஷன்தான். கிளம்பிட்டியா என்றான்.

"அந்த வீடு வேண்டாங்க."

"ஏன், மறுபடியும் அம்மா ஏதாவது...?"

"ஆமாங்க, அத்தை இன்னிக்குத்தான் வாயைத் திறந்து சொன்னாங்க. இத்தனை நாளா அவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தது எதுக்குன்னு தெரியுமா, நான் வந்து..."

உள்ளேயிருந்து நீளமாக, தயக்கமே இல்லாமல் ஒரு பெருமூச்சு. பின்னாலேயே குரல்.

"ஏம்மா, குட்டி முழிச்சிட்டான், வா."