பின்னால் யாருமில்லை

"மாப்ள, பொழுதோட மாயவரம் போய்ச் சேருங்க. எனக்கு நாத்தங்காலுக்குத் தண்ணி கட்டணும்" என்று வீரையன் காலையிலிருந்தே மகளையும் மருமகனையும் விரட்டிக்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவர் பேசுகிற பேச்சா இது?

ராஜ்குமார் ரிவர்ஸ் கியர் போட்டான். கார் 'பீப் பீப்' என்று அலறியது. இறங்கிப் பார்த்தால் பின்னால் யாருமில்லை; மாமனார் மட்டும் ஓரமாக நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். சென்சாரைத் துடைத்தான், வயரை ஆட்டிப் பார்த்தான். கியர் போட்டால் மறுபடி அலறல். பக்கத்து வீட்டு அம்சம் ஏனோ மதிலோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இன்ஜினீயருக்கு இதுகூடத் தெரியலையா?" வீரையன் ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். "வயர்ல கோளாறு. ஆள் வச்சுப் பார்த்துட்டு நாளைக்குப் போங்க."

"வேணாம் மாமா." ராஜ்குமார் டிக்கியைத் திறந்து, சென்சார் வயரையே பிடுங்கிவந்து மனைவி பூர்ணிமாவின் மடியில் போட்டான். "இனி எப்படிக் கத்தும்?"

கியர் போட்டான்.

"பீப்... பீப்..." சத்தம் வந்தது, நடுவில் ஒரு இருமலோடு.

பூர்ணிமா மடியிலிருந்த வயரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பையோடு இறங்கினாள்.

"எழுந்திரிங்கப்பா. நாளைக்குத்தான் போறோம்."

பம்பருக்குப் பின்னால் குந்தியிருந்த வீரையன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அதான் அப்பவே சொன்னேனே, வயர்ல கோளாறுன்னு!"