பச்சை அடித்த கரை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மும்பை தாராவியில், நாலா என்னும் கழிவுநீர்க் கால்வாயின் கரையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மாட்டுங்கா குடியிருப்போர் சங்கத்துச் சாருலதா. தோட்ட இலாகா அதிகாரி ராஹில். டெம்போ டிரைவர் ஆஷிக். கரையில் குடியிருக்கும் தனசீலன். அவர் மனைவி ஏஞ்சலம்மாள்.

டெம்போவில், நடுவதற்குக் கொண்டுவந்த ஒன்பது கன்றுகள். கரையில் பதினான்கு பூவரச மரங்கள். அவற்றில் மூன்று, அப்போதுதான் வெட்டப்பட்டுத் தரையில் கிடந்தன.

கோடரி தனசீலன் கையில் இருந்தது.

"ஐயோ, நிறுத்துங்கோ!" டெம்போவிலிருந்து இறங்கும்போதே சாருலதா கத்தினார். "பச்சை மரத்தைப் போய் வெட்டறேளே, மனசு வரதா உங்களுக்கு?"

தனசீலன் நான்காவது மரத்திலிருந்து நிமிர்ந்தார். "அந்தப் பக்கமாத் தள்ளி நில்லுங்கம்மா. கெள மேல விழுந்துரும்."

"எந்த பில்டர் பணம் கொடுத்தான்?"

"யாரும் குடுக்கல."

"பின்னே, விறகுக்கா?"

சாருலதா போனை எடுத்தார். கோடரி, விழுந்த மரம், தனசீலன் முகம் என்று வரிசையாகப் படம் பிடித்தார்.

ராஹில் குனிந்து, மரங்களில் பெயின்டால் எழுதியிருந்த நம்பர்களைப் படித்தார்.

"ஏழு, எட்டு, ஒன்பது. மூணும் கணக்கெடுத்த மரம். கேஸ் ஆகும்," என்றார் இந்தியில். அவருக்குத் தமிழ் புரியும், பேசுவது இந்திதான்.

"ஆகட்டும். நன்னா ஆகட்டும்," என்றார் சாருலதா.

ஏஞ்சலம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"யம்மா, இத வச்சது யாருன்னு ஒரு வார்த்த கேட்டியளா?"

"யார் வெச்சா என்ன? மரம் எல்லாருக்கும் பொது."

"வச்சது இந்தா நிக்காகளே, இவுகதான். ரெண்டாயிரத்தஞ்சு வெள்ளத்துல கர சரிஞ்சி ரெண்டு வீடு உள்ள போயிட்டு. இனிமே சரியக் கூடாதுன்னு பூவரசம் போத்து வெட்டியாந்து ஊனுனாக. அம்புட்டும் பிடிச்சிட்டு. அதுக்கப்புறம் கர அசையல."

சாருலதா போனைத் தாழ்த்தினார். "நீங்களே வெச்சுட்டு, நீங்களே வெட்டறேளா?"

"எல்லாம் நான் செஞ்ச கூத்துதான்," என்றாள் ஏஞ்சலம்மாள். "மரத்துக்கு நம்பர் போட ஆளுக வந்தப்ப நாந்தான் டீ வாங்கிக் குடுத்தேன். ஒன்னயும் விட்றாதீயன்னு சொன்னேன். தாராவிய இடிச்சிக் கட்டப் போறாகளே, கதவுல சர்வே நம்பர் விழுந்தாத்தான் மாத்து வீடு கெடைக்கும். எங்க கதவுக்கு நம்பர் போட யாரும் வரல. மரத்துலயாச்சும் விழட்டும், நாம இங்கன இருந்ததுக்கு சாட்சியாவும்னு நெனச்சேன்."

"நல்லதுதானே?"

"நல்லதா? ஊருக்கு இருவத்தஞ்சு வருசத்துக்குப் பிளான் போட்டிருக்காகளாம். நம்பர் போட்ட மரம் நிக்க எடமெல்லாம் பிளான்ல பச்ச அடிச்சிருக்காக, தோட்டத்துக்காம். பச்சைக்குள்ள வீடு இருக்கக் கூடாதாம். இந்தக் கரையில ஆறு வீட்டுக்கும் காலி பண்ணச் சொல்லி நோட்டீசு வந்துட்டு."

"மரம் இல்லன்னா பச்ச இல்ல," என்றார் தனசீலன். "வேற வழி தெரியல. அதான் வெட்டுதேன்."

சாருலதாவின் குரல் இறங்கியது. "இந்தக் கரையைப் பச்சையில சேர்க்கச் சொல்லி மனு கொடுத்ததே எங்க சங்கம்தான். பாலத்துலேர்ந்து பார்த்தேன். மஞ்சளாப் பூத்துக் கிடந்தது. நான்தான் படம் எடுத்து அனுப்பினேன்."

"படத்துல எங்க வீடு விழலயாம்மா?" என்றார் தனசீலன்.

"மரத்துக்குப் பின்னால... தெரியலை."

ராஹில் தலையை ஆட்டினார். "இனிமே எல்லாத்தையும் வெட்டினாலும் பச்சை மாறாது. பிளான் முடிஞ்சாச்சு. ஆட்சேபம் சொல்ற தேதியும் முடிஞ்சாச்சு."

தனசீலன் கோடரியை மெதுவாகக் கீழே வைத்தார்.

சாருலதாதான் முதலில் தேறினார்.

"உங்க கஷ்டம் புரியறது. அதுக்காக? மூணு மரம்! ஒரு மரத்தைச் சாய்க்கறச்சே கை நடுங்க வேண்டாமா? நானா இருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

கன்றுகளைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆஷிக் எட்டிப் பார்த்தான். தாராவியிலேயே வளர்ந்தவன். தமிழ் நன்றாக வரும்.

"மேடம், அந்த மூணையும் ஏத்திக்கவா? போன மாசம் உங்க பில்டிங்ல கார் பார்க்கிங்குக்கு மூணு மரம் வெட்டினீங்கல்ல, அதையும் நான்தான் ஏத்திட்டுப் போனேன். அதே ரேட்டு போதும்."

ஏஞ்சலம்மாள் சாருலதாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அது அனுமதி வாங்கி வெட்டினது," என்றார் சாருலதா.

"ஆமா, அனுமதி இருக்கு," என்றார் ராஹில். "ஒரு மரத்துக்கு மூணு கன்னு ஈடு வைக்கணும். உங்க பில்டிங்ல இடம் இல்லேன்னு எழுதிக் கொடுத்தீங்க. அதனாலதானே இந்த ஒன்பதையும் இங்கே கொண்டுவந்தோம்?"

சாருலதா போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

ராஹில் தனசீலனின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, குழி தோண்ட ஆள் வரவில்லை என்று அவரிடமே கடப்பாரையைக் கொடுத்தார். வெட்டிய மரங்களின் பக்கத்தில் மூன்று கன்றுகள் நடப்பட்டன. அதற்கு மேல் கரையில் இடமில்லை.

"மிச்சத்தை வீட்டுக்கு ஒண்ணா வாசல்ல வெச்சுத் தண்ணி ஊத்துங்க," என்றார் ராஹில். "வீடுங்களை எடுத்ததும் இடம் வந்துடும்."

கரையில் வீடு ஆறு. மிச்சம் இருந்த கன்றும் ஆறு.