ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

"இந்த லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கடைக்காரன் தலையிலேயே கட்டிட்டு வாங்க," என்றாள் மருமகள்.

"புதுசும்மா அது. அதைக் குத்தம் சொல்லாதே. வைஃபைதான் சரியில்ல," என்றான் கணவன், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.

"மத்த நேரமெல்லாம் நல்லாத்தானே வருது? மீட்டிங் நடுவுல மட்டும்தானே புட்டுக்குது?"

"அப்போ லேப்டாப்தான்."

சொல்லிவிட்டு ஆபீஸுக்கு நழுவினான். எந்தக் கட்சி ஜெயித்தாலும் அவன் ஜெயித்த கட்சி.

அவளுக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நேற்று லைன் போய்த் திரும்பி வந்ததும் மானேஜர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை பாதியில காணாமப் போனா, நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அவள் வீட்டில்தான் இருந்தாள். அதை எடுத்துச் சொன்னால் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

பழைய லேப்டாப் எவ்வளவோ தேவலை. கீபோர்டில் பாதி எழுத்து அழிந்திருந்தது, ஸ்பீக்கர் செத்துப்போயிருந்தது. ஆனாலும் ஹெட்போனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாள்கூட லைன் அறுந்ததில்லை. புதியதில் அந்த ஹெட்போனைச் செருக ஓட்டையே கிடையாது. ஸ்பீக்கர் மட்டும் கல்யாண மண்டபத்துக்கு வாங்கியது மாதிரி முழங்குகிறது.

சர்வீஸுக்குப் போன் போட்டாள். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த வைஃபை பெட்டியின் முன்னால் நின்று, போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம். எல்லாம் சரியாயிடும்," என்றது ஒரு இளைஞனின் குரல்.

"அதைத்தான் தம்பி ஒரு வாரமா சொல்றீங்க."

சோபாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கவில்லை. "காலைல எழுந்ததுலேர்ந்து அந்தப் பெட்டியோடயே மல்லுக்கட்டு. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிருக்கு. அதைப் பாக்க ஆள் இல்ல."

"இதோ துடைக்கறேன் அத்தை."

"துடைச்சு கிழிச்சே."

போனில் அந்தக் குரல் தயங்கியது. "மேடம், எங்க பக்கம் லைன் பக்காவா இருக்கு. உங்க பெட்டிக்குத்தான் கரன்ட் நின்னு நின்னு வருது. வீட்டுல அடிக்கடி பவர் கட்டா?"

"இல்லையே. ஃபேன் ஓடிக்கிட்டேதானே இருக்கு."

"அப்போ யாரோ சுவிட்சை அணைக்கறாங்க."

அவள் மெல்லத் திரும்பி சோபாவைப் பார்த்தாள். பகலில் இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருத்தி அவள்.

மாமியார் மும்முரமாகக் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுதானா சங்கதி? மருமகள் சம்பாதிப்பது அவ்வளவு உறுத்துகிறதா? கையும் களவுமாகப் பிடிக்காமல் கேட்டால் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள். அவளுக்கு வரிந்துகட்ட மகன் வேறு இருக்கிறான்.

மீட்டிங் ஆரம்பித்தது. மருமகள் தன் அறைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, அதை ஒட்டியே உட்கார்ந்தாள். பத்துப் பேர் முகமும் திரையில் வரிசையாக வந்தன. பேச்சு சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவள் முறை வரும்வரை.

"நீ அனுப்பினது ரிப்போர்ட்டா, கிறுக்கலா?" மானேஜர் குரல் வீடு முழுக்க அதிர்ந்தது. "படிச்சுத்தானே வந்தே? இல்ல, யாராவது பரிதாபப்பட்டு..."

திரை அப்படியே உறைந்தது.

லேப்டாப்பை அள்ளிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். மாமியாரின் விரல் இன்னும் சுவிட்சின் மேல் இருந்தது.

"நீங்கதானா அத்தை? என் வேலை போனா உங்களுக்கு நிம்மதியா?"

மாமியாரின் முகம் சிறுத்துப்போனது. "வேலை போகுமா? இதுக்கா?"

"பின்னே? எதுக்கு இப்படிப் பண்றீங்க?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா எல்லாம் சரியாயிடும்னு அந்தத் தம்பிதானே சொன்னான்?"

சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டாள். பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக முழித்தன. மானேஜர் விட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

"மறுபடியும் போச்சா? நான் நேத்தே சொல்லியிருக்கேன்..."

மாமியார் மருமகளின் தோளுக்கு மேலாகக் குனிந்தாள்.

"லைன் போகல தம்பி. நான்தான் அணைச்சேன். அவ மேல தப்பு இல்ல."

"நீங்க யாரு?"

"மாமியார். பழைய லேப்டாப்புல நீங்க பேசினது அவ காதோட போச்சு, எனக்குத் தெரியல. இது சமையல்கட்டு வரைக்கும் கேக்குது. தப்பு பண்ணிருந்தா மெதுவா எடுத்துச் சொல்லுங்க, திருத்திக்குவா. திட்டறதா இருந்தா வேணாம், நான் திரும்பவும் அணைச்சுடுவேன்."

பத்து முகங்களில் ஒன்பது, சிரிப்பை அடக்கக் கீழே குனிந்தன. மானேஜர் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டாவது பக்கத்துல கூட்டல் தப்பும்மா." தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலாகிவிட்டது. "சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணி அனுப்பினா போதும். நாளைக்கும் இதே நேரம் வந்துடு."

மருமகள் லேப்டாப்பை மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியார் பக்கம் திரும்பினாள்.

மாமியார் இடுப்பில் கை வைத்தாள்.

"கூட்டல்ல தப்பா? கண்ணை எங்கடி வச்சிருந்தே? ஒரு வேலை உருப்படியா செய்யத் துப்பில்ல."

"அத்தை, இப்பதானே திட்டக்கூடாதுன்னு அவர்கிட்ட சொன்னீங்க?"

"அவன் திட்டக்கூடாதுன்னு சொன்னேன். அதுக்குத்தான் வீட்டுல நான் இருக்கேனே."